சித்தங் கலங்கியோரும் எமது வாவிக்கரையும்

சரித்திரம் எழுதப் புகுந்தோர் அரசரை எழுதினர்; போரை எழுதினர்; கோயில் எழுப்பியோரையும் கல்லூரி நிறுவியோரையும் எழுதினர். அரசனுக்கும் ஆண்டிக்கும் வேற்றுமை பாராது வந்து சேரும் நோய்களை எழுதியோர் சிலரே. அவற்றுள்ளும் சித்தங் கலங்கியோரின் சரித்திரத்தை எழுதக் கை கூசுவோரே அதிகம். வீட்டில் ஒருவருக்கு நீரிழிவு என்றால் அயலவரிடம் சொல்கிறோம். அதே வீட்டில் இன்னொருவர் பத்து வருடமாகப் பின்னறையை விட்டு வெளியே வராமல் இருப்பதை வாய்திறந்து சொல்வதில்லை. மகளின் கலியாணம் குழம்பிவிடும் என்ற பயம். ‘விசர்’ என்ற சொல் எம்மிடையே நோயின் பெயராக வழங்குவதிலும் பார்க்க ஏச்சாக வழங்குவதே கூட. ஆதலின் இம்மலரிலே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறோம்: மனநோய் கண்டவரை எம்மவர் எங்கே வைத்தனர்? என்ன மருந்து கொடுத்தனர் என்பதிலும் இக்கேள்வியே முதலில் நிற்பது. இந்நோயின் வைத்திய வரலாறு பெரும்பாலும் தூரத்தின் வரலாறாகவே இருந்திருக்கிறது.

சிலப்பதிகாரத்தில் இந்திர விழா நிகழும் புகார் நகரிலே ஐந்து மன்றங்கள் பேசப்படுகின்றன. அவற்றுள் ஒன்றில் நெடிய கல்லொன்று நின்றது. நஞ்சுண்டு நடுங்குவோரும், பாம்பு தீண்டியோரும், பேய் பற்றியோரும், வஞ்சனையால் அறிவு மயங்கியோரும் அதனைச் சுற்றி வந்து தொழுதால் துயர் நீங்குவர் என்கிறார் இளங்கோவடிகள். கண்ணகிக்குக் கோயிலெடுத்து, வைகாசியிலே சடங்கு செய்து, திருக்குளிர்த்தி ஆட்டும் எமது ஊரவர் இதனை ஒருமுறை நின்று கவனித்தல் தகும். அம்மன்றம் நகரத்துக்குள்ளேயே இருந்தது. அறிவு மயங்கியவன் பாம்பு கடித்தவனோடு ஒரே வரிசையில் நின்று, அவனைப் போலவே நோயாளியாக மதிக்கப்பட்டான்.

மறுபக்கத்தை மணிமேகலை காட்டுகிறது. மலர்வனம் புக்க காதையிலே, அலரியும் எருக்கும் சூடிக் கந்தலுடுத்த பித்தனொருவன் வீதியிலே வருகிறான். அழுகிறான், விழுகிறான், தொழுகிறான், எழுந்து ஓடுகிறான், தன்னுடைய நிழலோடேயே சண்டை பிடிக்கிறான். அவன் பின்னே அவன் துன்பத்தைக் கண்டு வருந்தி நிற்க ஒரு கூட்டம் இருக்கிறது. கூட்டத்தையும் சேர்த்தே சாத்தனார் எழுதிவைத்தார். எமது பஸ் நிலையங்களில் இக்கூட்டத்தை இன்றும் காணலாம்.

இனி வாவிக்கரைக்கு வருவோம். மந்திரத்துக்குப் பெயர்போனது மட்டக்களப்பு. இங்கு வந்தவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று பிற ஊரார் சொல்வதைக் கேளாதார் இல்லை. (எமது விருந்தோம்பலைத்தான் அப்படிச் சொன்னார்கள் என்று எம்மூர்ப் பெரியார் சிலர் பொருள் கூறுவர். எங்களுக்கும் அப்பொருளே விருப்பம்.) படுவான்கரையில் ஒருவருக்குச் சித்தங் கலங்கினால் முதலில் பரியாரியார் வந்தார், தலைக்கு எண்ணெயும் குடிக்கக் குடிநீரும் தந்தார். அதில் தணியாவிட்டால் கட்டாடியார் வந்து நூல் கட்டினார், தண்ணீர் ஓதிக் கொடுத்தார், செய்வினை இருந்தால் வெட்டினார். அதிலும் தணியாவிட்டால் அம்மன் சடங்குக்கு நேர்ந்துகொண்டார்கள். நோயாளி கையை ஓங்கத் தொடங்கினாலோ, வளவின் பின்புறத்து மரமும் ஒரு சங்கிலியும் இருந்தன.

இம்முறைகளை முற்றாக இகழவும் எமக்கு மனமில்லை. முற்றாகப் புகழவும் மனமில்லை. இகழாமைக்குக் காரணம், நோயாளி ஊரிலேயே இருந்தார் என்பது. அவர் பெயரை எல்லாரும் அறிந்திருந்தனர்; சடங்கில் அவருக்கும் ஓர் இடம் இருந்தது. புகழாமைக்குக் காரணம், அந்தச் சங்கிலி.

மிஷன் பாடசாலையில் படித்த எம்மிற் பலர் வேதபாட வகுப்பிலே கதரேனர் நாட்டு மனிதனின் கதையைக் கேட்டிருக்கிறோம். கல்லறைகளிடையே விலங்குகளை முறித்துக்கொண்டு திரிந்தவன் அவன். சுகமடைந்தபின் இயேசுவோடு கூடவே வர அவன் விரும்பினான். அவரோ அவனை அவன் வீட்டாரிடமே திருப்பி அனுப்பினார். பன்றிகள் கடலில் பாய்ந்ததையே பிள்ளைகள் ஞாபகம் வைத்திருப்பர். வீட்டுக்கு அனுப்பிய பகுதி பெரும்பாலும் மறந்துபோகிறது. வேதத்தைக் கொண்டுவந்த அதே வெள்ளையரின் அரசாங்கம் இலங்கையில் செய்ததோ அதற்கு நேர்மாறானது.

ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்திலே மனநோயாளருக்கென்று இத்தீவில் தனியிடம் இருக்கவில்லை. சிலர் சிறையில் கிடந்தனர். சிலர் கொழும்புக்கு அருகே ஹெந்தளையில் தொழுநோயாளருக்கென இருந்த இடத்தில் வைக்கப்பட்டனர். 1840களில் பொரளையில் ஒரு காப்பகம் எழுந்தது. அது நிரம்பி வழிய, 1884இல் கறுவாத்தோட்டத்து ஜாவத்தையில் வேறொன்று எழுந்தது. அதுவும் நிரம்ப, 1920களில் அங்கொடையில் பெரிய வைத்தியசாலை வந்தது. ஒவ்வொரு முறையும் நிரம்பியது. ஒவ்வொரு முறையும் கொழும்பின் அயலிலேயே இன்னும் பெரிதாகக் கட்டினர். வெளிமாவட்டங்களில் சிறிதாகக் கட்டலாம் என்ற எண்ணம் நெடுங்காலம் எவருக்கும் தோன்றவில்லை போலும்.

இவற்றுக்கெல்லாம் வாசலாக நின்றது 1873ஆம் ஆண்டின் பைத்தியர் கட்டளைச் சட்டம். அச்சட்டப்படி நோயாளி வைத்தியரிடம் போவதன் முன் நீதிமன்றம் போனார். நீதிபதி விசாரணை செய்து, வைத்தியரின் சாட்சியத்தைக் கேட்டு, சித்தசுவாதீனம் அற்றவர் என்று தீர்த்தால் கொழும்புக்கு அனுப்பினார். களவெடுத்தவனும் காய்ச்சல்காரனும் ஒரே கதவால் உள்ளே போவது போன்ற ஏற்பாடு இது. 1956இல் சட்டத்தின் பெயரும் சில பிரிவுகளும் திருத்தப்பட்டன. 2005இல் அரசாங்கம் ஏற்றுக்கொண்ட மனநலக் கொள்கை, புதிய சட்டமே வேண்டும் என்றது.

மட்டக்களப்பிலிருந்து அங்கொடை எவ்வளவு தூரம்? புகையிரதம் எமது நகருக்கு வந்தது 1928இல். அதன் பின்னரும் ஏறக்குறைய 350 கிலோமீற்றர் பிரயாணம். பின் கொழும்பிலிருந்து அப்பால். வெல்லாவெளியிலோ கொக்கட்டிச்சோலையிலோ வயல் செய்யும் ஒரு குடும்பம் மாதமொரு முறை போய்ப் பார்த்துவரத் தகுந்த தூரம் அன்று. வைத்தியரும் தாதியும் பேசும் பாஷை பெரும்பாலும் சிங்களம். தன் காதில் கேட்கும் குரல் என்ன சொல்கிறது என்பதை நோயாளி எந்தப் பாஷையில் விளக்குவார்? வருகை குறைந்தது, கடிதம் நின்றது, வீட்டில் அவருடைய பங்கு பிரிக்கப்பட்டது. குணமடைந்தவருக்குக்கூடத் திரும்பி வர வீடு இராது. ‘அங்கொடைக்கு அனுப்ப வேண்டியவன்’ என்பது நாடெங்கும் ஏச்சானது இப்படித்தான்.

1930களின் பிற்பகுதியில் லண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையின் தலைவர் எட்வர்ட் மாப்பதர் இங்கு வந்து ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். அங்கொடையின் நெருக்கடியை அவர் கண்டித்தார். 1939இல் கொழும்புப் பெரியாஸ்பத்திரியில் வெளிநோயாளர் பிரிவு தொடங்கியது. மாவட்டங்களுக்கு இந்த எண்ணம் வந்து சேர இன்னும் பல பத்தாண்டுகள் பிடித்தன.

தூரத்தைக் குறைக்க உண்மையில் வழிசெய்தது ஒரு குளிசை. 1952இல் பாரிஸ் நகரத்து வைத்தியர் ழான் டிலே, பியர் டெனிக்கர் ஆகிய இருவரும் குளோர்புரோமசின் என்ற மருந்தை மனநோயாளருக்குக் கொடுத்துப் பயன் கண்டனர். மூளையிலே டோபமின் என்னும் இரசாயனத்தின் வேலையை அது மட்டுப்படுத்துகிறது. அதனால் இல்லாத குரல் கேட்பதும், எல்லாரும் தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்ற எண்ணமும் தணிகின்றன. பின்னர், சில கிழமைகளுக்கு ஒருமுறை போட்டால் போதும் என்ற ஊசிகளும் வந்தன. இம்மருந்துகளில் தொல்லை இல்லாமலில்லை: கை நடுங்கும், உடம்பு விறைக்கும், நித்திரை அமத்தும், சிலருக்கு நிறை கூடும். எனினும் மதிலும் விலங்கும் இல்லாமல் வீட்டிலிருந்தே வைத்தியஞ் செய்யலாம் என்ற நிலை சரித்திரத்தில் முதன்முறையாகப் பிறந்தது. இதிலே ஒரு நிபந்தனை உண்டு. மருந்து கொடுக்கும் இடம் பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கவேண்டும். சுகம் கண்டதும் பலர் மருந்தை நிறுத்துகிறார்கள். சில மாதத்தில் நோய் திரும்புகிறது. குடும்பத்தார் மருந்து பலிக்கவில்லை என்கிறார்கள்.

எமது பகுதியிலே அந்தத் தூரம் குறைவதற்கு முன் யுத்தம் வந்துவிட்டது. 1990களில் மட்டக்களப்பில் காணாமற் போனோரின் தாய்மார் எங்கே போனார்கள் என்பதை அமெரிக்க மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் இங்கு தங்கி ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அவர்கள் அம்மன் கோயில்களில் தெய்வமேறி வாக்குச் சொல்பவரிடம் போனார்கள். மகன் உயிரோடு இருக்கிறானா என்று முகாமில் கேட்கமுடியாத கேள்வியைத் தெய்வத்திடம் கேட்டார்கள். வெளியே அழப் பயந்தவர்கள் அங்கே அழுதார்கள். அதனை மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லில் தள்ளிவிட எம்மால் முடியவில்லை. அன்று வேறு கதவு எது திறந்திருந்தது? வடக்கிலே பேராசிரியர் தயா சோமசுந்தரம் இதே காயங்களை ‘மனவடு’ என்னும் தமிழ் நூலில் எழுதினார். அக்காலத்தில் நாடு முழுவதுமே துயரில் இருந்தது: 1995இல் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் தற்கொலை செய்துகொண்டனர். தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாகக் கருதிய சட்டம் 1998இல்தான் நீக்கப்பட்டது. கொடிய பூச்சிகொல்லிகளைத் தடைசெய்ததன் பின் அத்தொகை பெரிதும் குறைந்தது.

2000ஆம் ஆண்டை ஒட்டி டொக்டர் மகேசன் கணேசன் மனநல வைத்திய நிபுணராக மட்டக்களப்புக்கு வந்தார். கிழக்கு மாகாணத்துக்கே அவரொருவர் என்ற நிலைமை. மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு வளர்ந்தது. வெளியூர்களிலும் கிளினிக்குகள் நடந்தன. குறுகிய காலப் பயிற்சி பெற்ற மனநல வைத்திய அதிகாரிகளும், வீடு தேடிப் போகும் பணியாளரும் நிபுணர் இல்லாத குறையை ஓரளவு நிரப்பினர். புளியந்தீவிலே, தமிழிலே, பாயும் தலையணையும் கொண்டுவந்து தாய் பக்கத்தில் நிற்க வைத்தியம் பெறுவதற்கும் அங்கொடைக்கும் இடையில் உள்ள பேதத்தை விளக்கவும் வேண்டுமா?

2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் எழுந்தது. வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடந்த நாவலடி ஏறக்குறைய அழிந்தது. கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயிற் கோபுரம் சரிந்து நின்றது. உதவிக்கு வந்த நிறுவனங்களில் ஆற்றுப்படுத்த வந்தவையும் பல. ஒரே முகாமில் ஒரே தாயை நாலு பேர் தனித்தனியே அழவைத்துவிட்டுப் போகும் நிலை வராதிருக்க, ‘மாங்குரோவ்’ என்ற பெயரில் உளசமூகப் பணிகளை ஒருங்கிணைக்கும் பிரிவொன்று மட்டக்களப்பில் இயங்கியது. அது கண்டல் மரத்தின் பெயர். வாவிக்கரையில் மண் கரையாமல் வேர் பிடித்து நிற்கும் மரம். நல்ல பெயர்தான் வைத்தார்கள். அடுத்த வருடத்துக் கொள்கை, ஒவ்வொரு மாவட்டத்திலும் மனநோய்ப் பிரிவு இருக்கவேண்டும் என்று வகுத்தது. அங்கொடையும் 2008இல் தேசிய மனநல நிறுவனம் எனப் பெயர் பெற்றது. 1926 என்ற தொலைபேசி இலக்கத்தில் அதன் உதவியைக் கேட்கலாம்.

கோயிலா, கிளினிக்கா என்று சங்கக் கூட்டங்களில் பெரியோரும் வாலிபரும் வாதிப்பதுண்டு. இதற்குத் தமிழ்நாட்டிலிருந்து இரண்டு செய்திகளை எடுத்துவைக்கிறோம். 2001 ஆகஸ்ட் 6ஆந் திகதி அதிகாலையில் ஏர்வாடியில் தர்காவை அண்டி நடந்த ஒரு தனியார் விடுதியில் தீப்பிடித்தது. அங்கிருந்த நோயாளர் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தனர். 28 பேர் மாண்டனர். எமது மதத்தவர் இதனைப் பிறர் குற்றமாகக் காட்டித் தப்பமுடியாது. சங்கிலி எல்லா மதத்தார் வளவிலும் கிடந்தது. மறு வருடம் ரகுராம் முதலிய வைத்தியர்கள் முத்துசுவாமி கோயிலொன்றைப் பற்றிய ஆராய்ச்சியைப் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியிட்டனர். கடும் மனநோய் கண்ட 31 பேர் சராசரி ஆறு கிழமை அங்கே தங்கினர். சங்கிலி இல்லை, விசேட பரிகாரமும் இல்லை. காலையில் சிறு பூசை, பின் கூட்டுவதும் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும். உறவினர் கூடவே இருந்தனர். வைத்தியர் அளந்து பார்த்தபோது நோயின் கடுமை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அவ்வளவு பெரிதோ என்று கேட்போர், அது முழுச்சுகம் அன்று என்பதையும், ஒரு கோயில் இவ்வளவு செய்தது என்பதையும் சேர்த்தே நினைக்க. மருந்து செய்வதைக் கோயில் செய்யாது. தனித்துக் கிடப்பவரை மனிதருள் ஒருவராக இருத்துவதைக் குளிசை செய்யாது. ஆகவே சடங்குக்கு நேர்ந்திருப்பவர் விரத நாட்களிலும் குளிசையை நிறுத்தாதிருக்கக் கோயிற் பெரியோரே சொல்லவேண்டும். வைத்தியர் சொல்வதிலும் பார்க்க அவர்கள் சொன்னால் கேட்பார்கள்.

தூரம் இன்னும் சிறிது மிஞ்சிக் கிடக்கிறது. மண்முனையில் 2014இல் பாலம் திறக்கும்வரை படுவான்கரையார் பாதையில் ஏறியே வாவியைக் கடந்தனர். இன்று அப்பாலத்தால் வாகனம் ஓடுகிறது. ஆனால் நோயாளர் பலருக்குத் தனியே வாகனமேறிப் போய்வர இயலாது. கூலிக்குப் போகும் தமையன் ஒரு நாட் சம்பளத்தை விட்டால்தான் கூட்டிப் போகமுடியும். அவன் விடாத மாதத்தில் ஊசி தவறுகிறது. மாதம் ஒரு கிளினிக் என்றால் ஒருவருக்கு வருடத்தில் பன்னிரண்டு நாள். சங்கத்தில் பன்னிரண்டு பேர் முன்வந்தால் ஆளுக்கு ஒரு நாள். வீட்டாரின் சம்மதத்தோடு, கிளினிக் கொப்பியில் உள்ள திகதியைக் குறித்துவைத்து, காலை பஸ்ஸுக்கு வந்து நிற்கவேண்டும், அவ்வளவே வேலை. பெயர் கொடுக்க விரும்புவோர் சங்கச் செயலாளரிடம் கொடுக்கலாம்.