முகட்டின் இருபுறம்: சேத்தூர் மலையெல்லையும் காலனிய உடன்படிக்கைகளும்

காலனியக் காலத்து எல்லைப் பேச்சுவார்த்தை என்றதும் ஆய்வுலகம் 1893இன் டூரண்ட் எல்லைக்கோட்டையும் அரேபியப் பாலைவனத்தையும்தான் எடுத்துக்கொள்கிறது. ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகும் சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் சேத்தூரும் அப்படியொரு எல்லைப்புறமே. கிழக்கே மதுரை, திருநெல்வேலிச் சீமை. மேற்கே முகட்டுக்கு அப்பால் திருவிதாங்கூர். மலையே எல்லையாக நிற்பதால் இங்கே பேசித் தீர்க்க எதுவும் இருந்திராது என்று தோன்றலாம். ஆனால் 1759 முதல் 1886 வரையிலான ஒப்பந்தங்களை வரிசையாக வைத்துப் படித்தால் வேறொன்று தெரிகிறது. பேரம் நடந்தது பெரும்பாலும் வரியையும் நீரையும் பற்றியே. அவை முடிவாக முடிவாகத்தான் முகட்டுக்கு எல்லை என்ற கனம் ஏறியது.

1750களில் ஆற்காட்டு நவாபு முகம்மது அலி, கிழக்கிந்தியக் கும்பெனிப் படையின் பலத்தில் தென்சீமையில் கப்பம் கேட்டபோது, மேற்குப் பாளையங்கள் நெற்கட்டுஞ்செவல் பூலித்தேவர் தலைமையில் ஒன்றுதிரண்டன. சேத்தூரும் கொல்லங்கொண்டானும் அந்த அணியில் இருந்தன. முகட்டுக்கு அப்பாலிருந்த திருவிதாங்கூரும் இந்த அணியோடு உறவு வைத்திருந்தது. அதற்குத் திருநெல்வேலிச் சீமையில் உள்ள களக்காட்டின் மேல் கண். 1759இல் கும்பெனிப் படைத் தளபதி யூசுப்கான் அந்த ஆசையையே பயன்படுத்தினார். களக்காட்டுப் பகுதியை விட்டுக்கொடுத்துத் திருவிதாங்கூரைத் தன் பக்கம் இழுத்தார். பாளையக்காரர்களுக்கு மலைக்கு அப்பாலிருந்து வந்த ஆதரவு அத்தோடு அறுந்தது. இந்த எல்லையின் வரலாற்றில் முதல் திருப்பம் இதுதான் என்பது என் கணிப்பு. போர்க்களத்தில் முடியாததை ஒரு நிலப் பேரம் முடித்துவைத்தது.

யூசுப்கான் தூக்கிலிடப்பட்ட பிறகு, 1766இல் நவாபும் திருவிதாங்கூரும் நேரடியாக ஓர் இணக்கத்துக்கு வந்தனர். திருவிதாங்கூர் களக்காட்டின் மீதான உரிமையைக் கைவிட்டது. ஆண்டுக் கப்பத்தை உயர்த்தித் தரவும் ஒப்புக்கொண்டது. பதிலுக்கு நவாபு செங்கோட்டை, கன்னியாகுமரிப் பகுதிகளின் மீதான பாத்தியத்தை விட்டுவிட்டார். அடுத்த ஆண்டே கும்பெனித் தளபதி டொனால்ட் கேம்பலின் படை கொல்லங்கொண்டான், சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர் என வரிசையாகத் தாக்கியது. மேற்கே கதவு சாத்தப்பட்ட பிறகு கிழக்கிலிருந்து படை ஏவப்பட்டது என்றே இந்த இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஆனாலும் மலை பாளையக்காரர்களைக் கைவிடவில்லை. இப்பகுதியில் கோம்பை என்று சொல்லப்படும் இடங்கள் மூன்று பக்கமும் மலை சூழ, ஒரே வாய் கொண்டவை. வாயை முள்வேலியும் மண்கரையும் கொண்டு அடைத்துவிட்டால் பீரங்கி உள்ளே வராது. 1783இல் கும்பெனித் தளபதி புல்லார்ட்டன் சிவகிரிக்கு வந்தபோது பாளையத்துப் படை பின்வாங்கியது இப்படிப்பட்ட கோம்பைக்குள்தான். காடு வெட்டி வழி உண்டாக்கித்தான் கும்பெனிப் படை உள்ளே நுழைய முடிந்தது. வரைபடத்தில் ஒற்றைக் கோடாகத் தெரிகிற எல்லை, அங்கே வாழ்ந்தவர்களுக்கு உள்ளே புகுந்துகொள்ளும் அகலம் உள்ள இடமாக இருந்தது.

அதற்குப் பின் வந்தவை வேகமாக வந்தன. 1792 உடன்படிக்கையால் பாளையக்காரர்களிடம் பேஷ்குஷ் எனும் கப்பத்தை வசூலிக்கும் அதிகாரம் நவாபின் பெயரால் கும்பெனிக்குப் போனது. 1801 ஜூலை 31இல் கர்நாடக அரசாட்சியே கைமாறியது. 1803இல் சாசுவத நிலவரித் திட்டம் வந்து, சேத்தூர் பாளையம் ஜமீனாயிற்று. காவல் உரிமை பறிபோனது. கையில் சனது எனும் உரிமைப் பத்திரம் ஒன்று மிஞ்சியது. கவனிக்க வேண்டியது, மேலே சொன்ன உடன்படிக்கைகள் எதிலும் சேத்தூர் பாளையக்காரர் ஒரு தரப்பு அல்ல என்பது. அவருடைய மலையையும் கண்மாயையும் குறித்து மற்றவர்கள் கையெழுத்திட்டார்கள்.

மறுபக்கத்தில், 1805 உடன்படிக்கை திருவிதாங்கூரின் ஆண்டுக் கப்பத்தை 8 லட்சம் ரூபாயாக்கியது. மகாராஜா ஆண்டார், பிரிட்டிஷ் ரெசிடெண்ட் மேற்பார்வையிட்டார். இந்தச் சமனற்ற உறவுக்குள்தான் 1886 அக்டோபர் 29 பெரியாற்று அணைக்கான குத்தகையை வைத்துப் பார்க்க வேண்டும். திவான் ராமய்யங்காரும் ரெசிடெண்ட் ஹானிங்டனும் கையெழுத்திட்ட அந்த ஆவணம் 8,000 ஏக்கரை, ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம், 999 ஆண்டுகளுக்கு மதராஸ் அரசுக்குக் கொடுத்தது. குத்தகை நிலத்தின் விளிம்பை ஆவணம் வரையறுத்த விதம் அபூர்வமானது. அணை அமையும் இடத்தில் ஆற்றின் மிக ஆழமான புள்ளியிலிருந்து 155 அடி உயரத்தில் ஓடும் சமஉயரக் கோடே எல்லை. அதற்குக் கீழுள்ள நிலமெல்லாம் குத்தகை. நீர் எதுவரை ஏறக்கூடுமோ அதுவரை உரிமை. ஆண்டு வாடகை 40,000 ரூபாயும் கையில் தரப்படவில்லை. மகாராஜா செலுத்த வேண்டிய கப்பக் கணக்கில் கழித்துக்கொள்ளப்பட்டது.

இதோடு ஒப்பிட 1922 டிசம்பரில் முடிந்த, அரேபியாவில் எல்லை வகுக்கக் கூடிய உக்கைர் மாநாட்டைச் சொல்லலாம். பாலைவனத்தில் நாடோடிக் குலங்களின் மேய்ச்சலும் கிணறுகளும் எதுவரையோ அதுவரை தன் எல்லை என்றார் நஜ்து ஆட்சியாளர் இபின் சவூது. பிரிட்டிஷ் அதிகாரி பெர்சி காக்ஸ் வரைபடத்தில் கோடு கிழித்தார். தீராத இடங்களை நடுநிலைப் பகுதி என்று ஒதுக்கிவைத்தார். தன் நிலத்தில் பெரும்பங்கை இழந்த குவைத்தின் ஷேக் அந்தக் கூட்டத்தில் இல்லை; அவர் சார்பில் பிரிட்டிஷ் அதிகாரி ஒருவரே இருந்தார். மணலானாலும் மலையானாலும் மன்றத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் எல்லைப்புறத்தில் இருந்தவர்களே.

பெரியாற்று ஆவணத்தின் சொற்கள் கையெழுத்திட்டவர்கள் போன பின்னும் வழக்காடின. அணையில் மின்சாரம் எடுக்க மதராசுக்கு உரிமை உண்டா என்ற கேள்விக்கு, 1941இல் நடுவர் நளினி ரஞ்சன் சட்டர்ஜி திருவிதாங்கூருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். மின்சார உரிமை தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது 1970 துணை ஒப்பந்தத்தில். அப்போது குத்தகையும் ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்ந்தது. பெரியாறு சிவகிரி மலையில் பிறக்கிறது என்று சொல்லப்படுவதுண்டு. அந்த மலைக்கு இவ்வளவு அருகில் இருந்தும் அணையின் நீர் சேத்தூர்க் கண்மாய்களுக்கு வருவதில்லை. தேக்கடிச் சுரங்கம் வழியாக அது வைகைப் படுகைக்குப் போகிறது. சேத்தூர் வயல்களுக்குத் தன் பக்கத்து மலைச்சரிவில் இறங்கும் ஓடைகளே கதி.

1956 நவம்பர் 1இல் செங்கோட்டை தமிழகத்தோடு சேர்ந்தபோது தெற்கே எல்லை நகர்ந்தது. சேத்தூருக்கு மேற்கே முகடு அப்படியே நின்றது. வாசுதேவநல்லூருக்கு மேலே, இன்று கேரள வனத்துக்குள் இருக்கும் செண்பகவல்லி அணை, சிவகிரி ஜமீனும் திருவிதாங்கூரும் ஒத்துப்போய்க் கட்டியது என்று அந்தப் பக்கத்து விவசாயிகள் சொல்லிவருகிறார்கள். அதன் உடைப்பை அடைக்க வேண்டும் என்று அவர்கள் இன்னும் மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஜமீன் காலத்தில் இருவர் பேசி முடித்ததாகச் சொல்லப்படும் அந்த வேலைக்கு இப்போது இரண்டு மாநிலங்கள் இணங்க வேண்டியிருக்கிறது.