ஞான ஒடுக்கம்

உலக அலுவல்களைச் சில நாள் விலக்கி, மௌனத்தில் அமர்ந்து இறைவனை நினைந்திருக்கும் வழக்கத்திற்குத் தமிழ்க் கத்தோலிக்கர் 'ஞான ஒடுக்கம்' என்று பெயரிட்டனர். பெயரிட்டவர் தமிழறிந்தவரே. ஒடுங்குதல் தன்வினை, ஒடுக்குதல் பிறவினை. ஒரு கல்லூரி தன் மாணாக்கரை மௌனத்தில் அமர்த்தும்போது, அவர்கள் தாமே ஒடுங்குகின்றனரா, அன்றிப் பிறரால் ஒடுக்கப்படுகின்றனரா? இவ்வழக்கத்தின் வரலாறு நெடுகிலும் இவ்வினா தொடர்ந்து வருகின்றது.

1521ஆம் ஆண்டு பாம்பலோனாக் கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டால் கால் முறிந்த வீரர் இஞ்ஞாசியார். மறு ஆண்டு மன்ரேசா என்னும் சிற்றூரில் தவமிருந்தபோது தம் உள்ளத்தில் நிகழ்ந்தவற்றை அவர் குறித்து வைத்தார். அக்குறிப்புகளே வளர்ந்து 'ஞானப் பயிற்சிகள்' என்னும் நூலாயின. அது படித்து இன்புறும் நூலன்று. பயிற்சி தருவோருக்கான கைந்நூல். பயில்பவர் ஒருவர், வழிகாட்டி ஒருவர், காலம் ஏறத்தாழ முப்பது நாள். வழிகாட்டி மிகக் குறைவாகவே பேசவேண்டும். தராசின் முள்போல எப்பக்கமும் சாயாது நிற்கவேண்டும். பயில்பவரின் உள்ளத்தோடு இறைவனே நேரில் உறவாட விடவேண்டும் என்பது அந்நூலின் விதி.

விதி வகுத்தல் எளிது. 1529ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரில், தாமும் மாணாக்கராயிருந்த காலத்தில், இஞ்ஞாசியார் ஸ்பானிய மாணவர் மூவருக்கு இப்பயிற்சிகளை அளித்தார். அவர்கள் தம் உடைமைகளையெல்லாம், புத்தகங்களையுங்கூட, பிறர்க்கு ஈந்துவிட்டு, ஏழையர் விடுதியொன்றில் தங்கி வீதியில் பிச்சை ஏற்கத் தொடங்கினர். பல்கலைக் கழகமே கொதித்தெழுந்தது. நண்பர்கள் ஆயுதம் தாங்கிச் சென்று மூவரையும் வலிந்து இழுத்து வந்தனர். படிப்பை முடித்தபின் விரும்பியவாறு செய்யலாம் என்று உடன்பாடு செய்துகொண்டனர். மூவருள் ஒருவர் சாந்த் பார்பு கல்லூரி மாணவர். அக்கல்லூரித் தலைவரோ, இஞ்ஞாசியார் அங்கே கால் வைத்தால் அனைவர் முன்னிலையிலும் கசையடி கொடுப்பதாகச் சினந்துரைத்தார். பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிய எந்தத் தந்தையும் அத்தலைவரைக் குறை கூறமாட்டார் என்றே தோன்றுகிறது!

பின்னர் அதே கல்லூரியில் பேதுரு பாபர், சவேரியார் ஆகிய இருவரோடும் இஞ்ஞாசியார் ஓர் அறையில் வாழ்ந்தார். பாபர் முழுப் பயிற்சியையும் செய்தது 1534இல்தான். சவேரியார் அதற்கும் பிந்தியே செய்தார். அவசரம் எத்தகைய விளைவைத் தரும் என்பதை ஆசான் அதற்குள் கண்டிருந்தார்.

1548ஆம் ஆண்டில் பாப்பரசர் மூன்றாம் சின்னப்பர் அந்நூலுக்கு ஒப்புதல் அளித்தார். அதே ஆண்டில் சிசிலித் தீவின் மெசினா நகரில், துறவியரல்லாத பொது மாணவர்க்கெனச் சேசு சபையார் தம் முதல் கல்லூரியைத் திறந்தனர். 1556இல் இஞ்ஞாசியார் மறைந்தபோது கல்லூரிகள் முப்பதைக் கடந்துவிட்டன. நூற்றுக்கணக்கான மாணாக்கர்க்கு ஆளுக்கொரு வழிகாட்டியை, முப்பது நாளுக்கு எங்கே தேடுவது? நாட்கள் மூன்றாகச் சுருங்கின. வழிகாட்டி மேடையேறிய பிரசங்கியானார். நூலின் முதல் வாரம் பாவத்தையும் நரகத்தையும் பற்றியது. கிறிஸ்துவின் வாழ்வு, பாடுகள், உயிர்ப்பு ஆகியவை அடுத்த வாரங்களுக்கு உரியவை. காலம் குறுகவே, வீட்டின் வாயிற்படியாக அமைந்த முதல் வாரமே பல சிறுவர்க்கு வீடு முழுவதுமாயிற்று.

அதன் விளைவை அறிய ஜேம்ஸ் ஜாய்ஸ் 1916இல் வெளியிட்ட தன்வரலாற்றுச் சாயலுள்ள நாவலைப் பார்க்கலாம். டப்ளின் நகரில் சேசு சபையார் நடத்திய பெல்வெடர் கல்லூரியில் பயின்றவர் அவர். நாவலில் சவேரியார் திருநாளையொட்டி ஓர் ஒடுக்கம் நடக்கிறது. நரகத்தின் இருளும் நாற்றமும் நெருப்பும் விரித்துரைக்கப்பட, பதினாறு வயதுக் கதாநாயகன் அஞ்சி நடுங்குகிறான். அப்பிரசங்கங்கள், பினமோந்தி என்னும் இத்தாலியக் குரு 1688இல் வெளியிட்ட நூலைத் தழுவியவை என்பதை ஆய்வாளர் பின்னாளில் காட்டினர். அச்சம் ஒரு பிள்ளையைப் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு விரைந்து கொண்டு சேர்க்கும். அங்கேயே நிலைக்கச் செய்யுமா என்பது வேறு. கதாநாயகன் நிலைக்கவில்லை; ஜாய்ஸும் நிலைக்கவில்லை.

சபைக்குள்ளேயே இதனை உணர்ந்தோர் இருந்தனர். 1834இல் சபைத் தலைவர் ரோத்தான், மூலநூலுக்கே திரும்புமாறு அனைவர்க்கும் மடல் விடுத்து, மறு ஆண்டே ஸ்பானிய மூலத்தினின்று புதிய லத்தீன் மொழிபெயர்ப்பை வெளியிட்டார். ஆயினும் மேடைப் பிரசங்கம் எளிதில் ஓயவில்லை. 1965இல் நிறைவுற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின்னரே, ஒருவர்க்கு ஒருவராக வழிகாட்டும் பழைய முறை பரவலாக உயிர்பெற்றது. அலுவல் மிகுந்தோர்க்கென நூலின் பத்தொன்பதாம் குறிப்பு ஒரு வழி சொல்கிறது: நாளுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி, தம் கடமைகளை விடாமலே, மாதக்கணக்கில் பயிற்சியைத் தொடரலாம். நெடுங்காலம் கவனிப்பாரின்றிக் கிடந்த அக்குறிப்பைக் கல்லூரிகள் பல இன்று எடுத்துக்கொண்டுள்ளன. மாணவன் வகுப்புக்கும் போகிறான், விளையாட்டுக்கும் போகிறான். வாரம் ஒருமுறை வழிகாட்டியின் அறைக்குச் சென்று, தன் மௌனத்தில் கண்டதைத் தன் வாயாலேயே சொல்கிறான்.