வட்டியில்லா வங்கியியலுக்கு வரைவு தந்த இந்தியர்: நெஜாத்துல்லா சித்தீக்கியின் பணிவாழ்வும் கேரளத்தின் முயற்சியும்

ஆரியசாலை (திருவனந்தபுரம்): வட்டி வாங்காமலும் வட்டி கொடுக்காமலும் ஒரு வங்கியை நடத்த இயலுமா என்ற வினாவுக்கு விரிவான வரைவு எழுதியவர்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படுபவர், இந்தியப் பொருளியல் அறிஞர் முகம்மது நெஜாத்துல்லா சித்தீக்கி (1931–2022). உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூரில் பிறந்து, அலிகரில் பயின்று, அங்கேயே ஆசிரியராகப் பணியாற்றிய அவரது கருத்துகள் வளைகுடா நாடுகள் முதல் மலேசியா வரை கற்பிக்கப்படுகின்றன. ஆனால், அவர் பிறந்த நாட்டில் அத்தகைய வங்கி ஒன்று இன்றுவரை உரிமம் பெறவில்லை. ஒரு மாநில அரசின் பங்கேற்புடன் அந்தக் கருத்தை இந்தியாவில் செயல்படுத்த முனைந்த மாநிலம் கேரளம் என்பது குறிப்பிடத்தக்கது.

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையை அடுத்து நீளும் சாலைக் கடைவீதியின் ஒரு பகுதி ஆரியசாலை. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாசன் உருவாக்கிய இந்தக் கடைவீதியில், தமிழ் பேசும் வணிகர்கள் தலைமுறைகளாகத் தொழில் செய்து வருகின்றனர். அரிசி, பலசரக்கு, பாத்திரம், துணி என எந்தக் கடையானாலும் முதலுக்குக் கடன் வாங்குவது வழக்கம். வங்கியில் கடன் கிடைக்காதவர்கள் தனியார் வட்டிக்காரர்களை நாடுகின்றனர். கந்துவட்டிக் கும்பல்களுக்கு எதிராகக் கேரளக் காவல்துறை 2014-ஆம் ஆண்டு மே மாதம் ‘ஆபரேஷன் குபேரா’ என்ற பெயரில் மாநிலம் தழுவிய நடவடிக்கையில் இறங்கியது, இந்தச் சிக்கல் எவ்வளவு ஆழமானது என்பதைக் காட்டியது. வட்டிக்கு மாற்று உண்டா என்ற கேள்வி இத்தகைய கடைவீதிகளில் ஏட்டளவில் நிற்கும் கேள்வி அன்று.

அலிகர் முதல் ஜித்தா வரை

1931-ஆம் ஆண்டு பிறந்த சித்தீக்கி, ராம்பூரிலும் ஆசம்கர் மாவட்டம் சராய்மீரிலும் சமயக் கல்வி கற்றார். பின்னர் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பயின்று முனைவர் பட்டம் பெற்றார். அரபு மொழியில் அமைந்த பழைய சட்ட நூல்களையும், ஆங்கிலத்தில் அமைந்த நவீனப் பொருளியல் நூல்களையும் நேரடியாகப் படிக்க வல்லவராக இருந்தது அவரது தனிச்சிறப்பு. ஜமாஅத்தே இஸ்லாமி ஹிந்த் அமைப்புடனும் அவருக்கு நெடுங்காலத் தொடர்பு இருந்தது.

அலிகரில் பொருளியல் துறையில் ஆசிரியராகப் பணியாற்றிய காலத்தில்தான் அவரது புகழ்பெற்ற நூல் வெளிவந்தது. வட்டியில்லா வங்கியியல் பற்றி அவர் உருதுவில் எழுதிய அந்நூல் 1969-ஆம் ஆண்டு அச்சேறியது. 1973-ஆம் ஆண்டு அதன் ஆங்கில ஆக்கம் வெளிவந்தது. லாபம் குறித்த நவீனக் கோட்பாடுகளை ஆராயும் அவரது மற்றொரு நூல் 1971-ஆம் ஆண்டு வெளியானது.

வட்டியை மறுக்கும் பொருளியல் எழுத்து அதற்கு முன்பும் இருந்தது. 1940-களிலேயே ஐதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் அன்வர் இக்பால் குரேஷி இப்பொருள் குறித்து நூல் எழுதினார். எகிப்தின் மித் கம்ர் நகரில் 1963-ஆம் ஆண்டு வட்டியில்லாச் சேமிப்பு வங்கி ஒன்று தொடங்கப்பட்டது. ஆயினும், வைப்புத்தொகை, கடன், கடன் பெருக்கம், மத்திய வங்கியின் பங்கு ஆகிய அனைத்தையும் ஒரே அமைப்புக்குள் கொண்டுவந்து விளக்கிய நூல் என்ற வகையில் சித்தீக்கியின் ஆக்கம் தனி இடம் பெற்றது.

1975-ஆம் ஆண்டு துபாய் இஸ்லாமிய வங்கி தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் இஸ்லாமிய வளர்ச்சி வங்கி ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு செயல்படத் தொடங்கியது. 1976-ஆம் ஆண்டு மக்காவில் இஸ்லாமியப் பொருளியல் குறித்த முதல் பன்னாட்டு மாநாடு நடைபெற்றது. அதுவரை வெளிவந்த எழுத்துகளைத் தொகுத்து மதிப்பிடும் ஆய்வுரையை அம்மாநாட்டுக்காக அளித்தவர் சித்தீக்கி. இவ்வுரையே பின்னர் நூலாகி, அத்துறையில் நுழையும் மாணவர்களுக்கு வழிகாட்டியாக அமைந்தது.

1978-ஆம் ஆண்டு அவர் ஜித்தாவின் மன்னர் அப்துல் அஜீஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகச் சேர்ந்தார்; இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கு பணியாற்றினார். 1982-ஆம் ஆண்டு இஸ்லாமிய ஆய்வுகளுக்கான மன்னர் பைசல் பன்னாட்டு விருது அவருக்கு வழங்கப்பட்டது. பணி ஓய்வுக்குப் பின் லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராக இருந்தார். 2022-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அமெரிக்காவில் காலமானார்.

லாபப் பங்கீடு என்பது என்ன?

சித்தீக்கி முன்வைத்த அமைப்பின் அடித்தளம் ‘முளாரபா’ எனப்படும் கூட்டு ஒப்பந்தம். ஒருவர் முதல் தருவார்; மற்றொருவர் உழைப்பைத் தருவார்; லாபத்தை முன்கூட்டியே பேசிய விகிதத்தில் இருவரும் பிரித்துக்கொள்வர். நட்டம் ஏற்பட்டால் பண இழப்பு முதல் போட்டவரைச் சாரும். உழைத்தவர் தமது உழைப்பின் பயனை இழப்பார்.

எடுத்துக்காட்டாக, ஆரியசாலையில் அரிசிக் கடை தொடங்க ஒருவருக்கு 10 லட்சம் ரூபாய் தேவைப்படுகிறது என்று கொள்வோம். 12 சதவீத வட்டிக்குக் கடன் பெற்றால், கடை ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆண்டுக்கு 1.20 லட்சம் ரூபாய் வட்டி செலுத்தியாக வேண்டும். லாபப் பங்கீட்டு முறையில், வணிகருக்கு 60, வங்கிக்கு 40 என்ற விகிதம் பேசப்பட்டால், ஆண்டு லாபம் 2 லட்சம் ரூபாயாக இருக்கும்போது வங்கிக்கு 80 ஆயிரம் ரூபாய் கிடைக்கும். லாபம் 4 லட்சமானால் வங்கியின் பங்கு 1.60 லட்சமாக உயரும். லாபமே இல்லையெனில் வங்கிக்கு எதுவும் கிடைக்காது.

இதே ஒப்பந்தம் வங்கிக்கும் வைப்பாளருக்கும் இடையிலும் செய்யப்படுகிறது. வைப்பாளர் முதல் தருபவர். வங்கி அதைத் தொழிலில் ஈடுபடுத்துபவர். இவ்வாறு ஒன்றன்மேல் ஒன்றாக அமையும் இரண்டடுக்குக் கூட்டு முறையே சித்தீக்கியின் வரைவின் மையக் கருத்தாகும். வட்டிக் கடனில் தொழிலின் இடர் முழுவதும் கடனாளியின் தலையில் விழுகிறது. பங்கீட்டு முறையில் அது மூவரிடையே பகிரப்படுகிறது என்பது அவரது வாதம்.

நடைமுறையோ வேறு திசையில் சென்றது. பெரும்பாலான இஸ்லாமிய வங்கிகள் ‘முராபஹா’ முறையையே நாடின. வாடிக்கையாளர் கேட்கும் பொருளை வங்கி 10 லட்சம் ரூபாய்க்கு வாங்கி, தவணையில் 11.20 லட்சம் ரூபாய்க்கு விற்பது இம்முறை. பொருள் கைமாறுவதால் இது வணிகம் எனக் கொள்ளப்பட்டாலும், வாடிக்கையாளர் செலுத்தும் தொகை வட்டிக் கடனை ஒத்திருக்கிறது என்பது விமர்சகர்களின் கூற்று. வணிகரின் கணக்கைச் சரிபார்ப்பது கடினம். லாபத்தைக் குறைத்துக் காட்டுவது எளிது. இவையே வங்கிகள் பங்கீட்டு முறையிலிருந்து விலகியதற்குக் கூறப்படும் காரணங்கள்.

இந்த விலகலைச் சித்தீக்கி வெளிப்படையாகக் கண்டித்தார். பொருளைத் தவணைக்கு வாங்கி, உடனே வேறொருவருக்கு ரொக்கத்துக்கு விற்றுப் பணம் திரட்டும் ‘தவர்ருக்’ என்ற முறையால் நன்மையைவிடத் தீமையே மிகுதி என்று 2007-ஆம் ஆண்டு லண்டனில் அளித்த ஆய்வுரையில் அவர் வாதிட்டார். தாம் உருவாக்கத் துணைநின்ற துறையையே இவ்வாறு கேள்விக்கு உள்ளாக்கியது அவர்மீதான மதிப்பை உயர்த்தியது.

கேரளத்தின் முயற்சி

வளைகுடா நாடுகளில் பணிபுரிவோர் அனுப்பும் தொகை கேரளப் பொருளாதாரத்தின் முக்கியத் தூண்களில் ஒன்று. சமயக் காரணங்களால் வட்டியைத் தவிர்க்க விரும்புவோரின் சேமிப்பைத் தொழில் முதலீடாக மாற்றலாம் என்ற எண்ணத்தில், கேரள அரசு 2009-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அரசாணை ஒன்றைப் பிறப்பித்தது. ‘அல் பரக்கா பைனான்சியல் சர்வீசஸ்’ என்ற நிறுவனத்தில் மாநில அரசின் தொழில் வளர்ச்சிக் கழகம் 11 சதவீதப் பங்கு கொள்ள அந்த ஆணை வழிசெய்தது.

மதச்சார்பற்ற அரசு ஒரு மதத்தின் நெறிப்படி இயங்கும் நிறுவனத்தில் பங்கேற்பது அரசியலமைப்புக்கு முரணானது என்று கூறி, சுப்பிரமணியன் சுவாமி உள்ளிட்டோர் கேரள உயர் நீதிமன்றத்தை நாடினர். நீதிமன்றம் முதலில் இடைக்காலத் தடை விதித்தது. பின்னர், தலைமை நீதிபதி ஜே.செலமேஸ்வர் தலைமையிலான அமர்வு 2011-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் தேதி மனுக்களைத் தள்ளுபடி செய்தது. வணிக நோக்கில் செய்யப்படும் முதலீட்டை ஒரு மதத்துக்கு அளிக்கும் ஆதரவாகக் கருத இயலாது என்பது தீர்ப்பின் சாரமாக இருந்தது. அந்த முயற்சி பின்னர் ‘சேரமான் பைனான்சியல் சர்வீசஸ்’ என்ற பெயரில், வங்கியல்லாத நிதி நிறுவனமாகத் தொடர்ந்தது.

நீதிமன்றம் வழிவிட்டபோதும் வங்கி உருவாகாததற்குக் காரணம், 1949-ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டமாகும். அச்சட்டத்தின் 8-ஆவது பிரிவு, வங்கிகள் பொருள்களை வாங்கி விற்பதைத் தடை செய்கிறது. 9-ஆவது பிரிவு, தமது சொந்தப் பயன்பாட்டுக்கு அல்லாத அசையாச் சொத்தை ஏழு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருக்க வங்கிகளை அனுமதிப்பதில்லை. வணிகத்தையும் உடைமையையும் அடிப்படையாகக் கொண்ட ஒரு முறைக்கு இந்த இரு பிரிவுகளுமே தடையாக நிற்கின்றன. ரிசர்வ் வங்கி 2005-ஆம் ஆண்டு ஆனந்த் சின்கா தலைமையில் அமைத்த குழுவும், நடப்புச் சட்டத்தின்கீழ் இது இயலாது என்றே கூறியது.

திட்டக் குழு நியமித்த நிதித்துறைச் சீர்திருத்தக் குழு 2008-ஆம் ஆண்டு வேறு நிலைப்பாட்டை எடுத்தது. தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பொருளியல் அறிஞர் ரகுராம் ராஜன் தலைமையிலான அக்குழு, சமய நம்பிக்கையால் வங்கிச் சேவையிலிருந்து விலகி நிற்போரை உள்ளிழுக்க வட்டியில்லா வங்கிச் சேவையைப் பரிந்துரைத்தது. ராஜன் 2013 முதல் 2016 வரை ரிசர்வ் வங்கி ஆளுநராகப் பணியாற்றினார். வழக்கமான வங்கிகளில் இதற்கெனத் தனிச் சாளரம் திறக்கும் யோசனையும் அக்காலத்தில் ஆராயப்பட்டது. எனினும், 2017-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அளித்த பதிலில், இந்த யோசனையை மேற்கொண்டு தொடர்வதில்லை என முடிவு செய்திருப்பதாக ரிசர்வ் வங்கி தெரிவித்தது. வங்கி, நிதிச் சேவைகளைப் பெறக் குடிமக்கள் அனைவருக்கும் பரந்த, சமமான வாய்ப்புகள் உள்ளன என்பதை அது காரணமாகக் காட்டியது. அடுத்த மாதமே கேரளத்தின் கண்ணூரில் ‘ஹலால் பாயிதா’ என்ற வட்டியில்லாக் கூட்டுறவுச் சங்கத்தை முதலமைச்சர் பினராயி விஜயன் தொடங்கி வைத்தார்.

அண்டை நாடான இலங்கை 2005-ஆம் ஆண்டு தனது வங்கிச் சட்டத்தைத் திருத்தி இத்தகைய சேவைக்கு இடமளித்தது. 2011-ஆம் ஆண்டு அங்கு அமானா வங்கி செயல்படத் தொடங்கியது. மலேசியாவில் 1983-ஆம் ஆண்டு முதலே இஸ்லாமிய வங்கி இயங்கி வருகிறது.

இந்தியாவில் கூட்டுறவுச் சங்கங்களும் வங்கியல்லாத நிதி நிறுவனங்களும் மட்டுமே இத்துறையில் சிறிய அளவில் இயங்க முடிகிறது. ஆரியசாலை போன்ற கடைவீதிகளில் முதல் தேடும் சிறு வணிகருக்கு, லாபத்தில் மட்டுமன்றி நட்டத்திலும் பங்கேற்கும் வங்கி என்பது இன்னும் நூலில் படிக்கக் கிடைக்கும் கருத்தாகவே உள்ளது. அந்த நூலை எழுதியவர் இந்நாட்டின் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆசிரியராக இருந்தபோதுதான் அதனை எழுதினார்.