போர்க்காலத்துப் பத்திரிகைத் தமிழ்



வாளினாற் பெற்ற வெற்றியை உலகம் எளிதில் அறியும். சொல்லினாற் பெற்றதை ஆராய்ந்தே அறியும். 1914 முதல் 1918 வரை நிகழ்ந்த ஐரோப்பியப் பெரும்போர்க் காலத்தில் நம் நாட்டுப் பத்திரிகைகள் ஆற்றிய சொற்போரை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

அக்காலத்தே எழுதுகோலுக்குக் கட்டு மிகுதி. 1910ஆம் ஆண்டு அச்சுச் சட்டம் பத்திரிகைகளிடம் ஈட்டுப்பணம் கேட்டது. 1915ஆம் ஆண்டு இந்தியப் பாதுகாப்புச் சட்டம் அதனினுங் கடுமையுடையது. ஆகலின், சுயஆட்சி வேண்டினோர் வேறொரு நெறி கண்டனர். சிறிய நாடுகளின் உரிமைக்காகவே போர் புரிவதாக ஆங்கில மந்திரிகள் முழங்கினர். அங்ஙனமாயின், பத்து லட்சத்திற்கு மேற்பட்ட வீரரையும் பணியாளரையும் கடல் கடந்தனுப்பிய இந்தியாவுக்கு அவ்வுரிமை இல்லையோவென இவர் வினவினர். ஆள்வோர் வாய்மொழியே சான்றாயினமையின் அதனை மறுத்தல் அரிதாயிற்று. 1917 ஜூன் மாதத்தில் அன்னி பெசன்ட் அம்மையாரைச் சென்னை அரசு காவலில் வைத்தது. கிளர்ச்சி மிகவே, செப்டம்பரில் விடுவித்தது.

எனினும், ஆங்கிலத்தில் எழுந்த வாதம் ஊர்ப்புறம் எட்டாது. அக்குறை தீர 1917 டிசம்பர் 7ஆம் நாள் ‘தேசபக்தன்’ தோன்றிற்று. அதன் ஆசிரியர் திரு. வி. கலியாணசுந்தர முதலியார், வெஸ்லி கல்லூரித் தமிழாசிரியர் பணியைத் துறந்து வந்தவர்; சைவ மேடைகளிற் பழகிய நாவினர். சிறு வாக்கியங்கள், அடுக்கிய வினாக்கள், ஒருவர் படிக்கப் பலர் கேட்டுணரும் ஓசை ஆகியவற்றை அரசியலெழுத்திற் புகுத்தினார். அதே ஆண்டிற் பிறந்த நீதிக்கட்சியாரின் ‘திராவிடனும்’ தமிழிலேயே எதிர்வாதம் உரைத்தது. சுயஆட்சி வருமாயின் அஃது எவராட்சியாகும் என்பதே அதன் வினா. அதுவும் புறக்கணிக்கத்தக்கதன்று.

போர் முடிந்தது. கைம்மாறு நோக்கியிருந்தோர்க்கு 1919 மார்ச்சில் ரௌலட் சட்டமே கிடைத்தது. வேண்டுகோள் நடை வலிவிழந்தது. 1920இல் ஒத்துழையாமையின் மறுப்பு நடை ஓங்கிற்று.

இதனாற் பெறப்படுவது யாது? சட்டத்திற்கு அஞ்சி எழுதிய இதழ்களில், எழுதியதோடு எழுதாது விட்டதையும் ஓர்தல் வேண்டும். இருபுறத்து வாதங்களையும் எதிரெதிர் வைத்து நோக்குதலும் வேண்டும். முல்லைப்பெரியாறு பாயும் எம் மார்க்கையன்கோட்டைப் பக்கத்தில் நெல்லை அளவாமல் வாங்குவார் இலர். நெல்லை அளந்து வாங்கும் நாம் சொல்லையும் அளந்தே வாங்குவோமாக.