தேநீரும் மருத்துவர்களும்: ஐரோப்பாவின் பழைய வழக்கு

பதினேழாம் நூற்றாண்டில் டச்சு, ஆங்கிலேய வணிகக் கப்பல்களில் ஐரோப்பாவுக்கு வந்த தேயிலை, அங்கே முதலில் மருந்துச் சரக்காகவே மதிக்கப்பட்டது. லண்டனில் காப்பிக் கடை நடத்திய தாமஸ் கார்வே 1660ஆம் ஆண்டையொட்டி அச்சிட்ட விளம்பரத் தாள், தலைவலி முதல் கல்லடைப்பு வரை பல நோய்களைத் தேநீர் தீர்க்கும் என்று அடுக்கிச் சொன்னது. டென்மார்க்கின் மருத்துவர் சைமன் பாலி, நாற்பது வயதைக் கடந்தவர்களின் சாவைத் தேநீர் விரைவுபடுத்தும் என்று 1665இல் எச்சரிக்க, டச்சு மருத்துவர் கொர்னேலிஸ் போன்டெக்கு 1678இல் எழுதிய நூலிலோ, நாளொன்றுக்கு எட்டுப் பத்துக் கோப்பைகளில் தொடங்கி ஐம்பது, நூறு என்று குடித்தாலும் கேடில்லை என்றார். தேயிலை வணிகத்தில் கொழித்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அவருக்குப் பணம் கொடுத்திருக்கும் என்ற ஐயம் நெடுநாளாக உண்டு. அந்த அளவைப் பார்த்தால் ஐயம் எழாமல் இருந்திருந்தால்தான் வியப்பு.

அடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்தில் இவ்வழக்கு உடலை விட்டு ஊர்நலத்துக்குத் தாவியது. சமயச் சீர்திருத்தர் ஜான் வெஸ்லி தமது கைநடுக்கத்துக்குத் தேநீரே காரணம் என்று கருதி அதைக் கைவிட்டு, 1748இல் பிறருக்கும் அவ்வாறே அறிவுரை கூறினார். 1756இல் ஆங்கிலேய எழுத்தாளர் ஜோனஸ் ஹான்வே, வேலைக்காரப் பெண்களின் அழகும் உழைப்பாளிகளின் வலுவும் தேநீரால் குன்றுவதாக எழுதினார்; தேநீர்ப் பிரியரான அகராதி ஆசிரியர் சாமுவேல் ஜான்சன் மறு ஆண்டே அதை எள்ளி நகையாடி மறுத்தார். ஏழைகள் எதைக் குடிக்கலாம் என்ற கவலையே ஹான்வேயின் மருத்துவ வாதத்துக்குள் ஒளிந்திருந்தது என்பது அதைப் படிப்போருக்கு எளிதில் விளங்கும். தவளைகளிடம் சோதனை செய்து, 1772இல் தேயிலைச் செடியைப் பற்றி நூல் வெளியிட்ட மருத்துவர் ஜான் கோக்லி லெட்சமே, வாதத்தை ஓரளவேனும் ஆய்வின் பக்கம் திருப்பினார்.

உண்மையான கேடு வேறிடத்தில் இருந்தது. பிரிட்டனில் 1784இல் 12.5 விழுக்காடாகக் குறைக்கப்படும் வரை தேயிலை மீதான வரி 119 விழுக்காடாக இருந்ததால், கள்ளக்கடத்தலோடு கலப்படமும் செழித்தது. வேற்று மரங்களின் இலைகளையும் காய்ச்சி எடுத்த பழைய தேயிலையையும் சாயமேற்றி விற்றதைத் தடுக்க, நாடாளுமன்றம் 1777இலும் ஒரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

இருதரப்பும் ஊகித்த ஆற்றலின் மூலம் வேதியியலில்தான் தெளிவாயிற்று. காப்பியிலிருந்து 1819இல் பிரித்தெடுக்கப்பட்ட, நரம்பைத் தூண்டும் கஃபீனும், தேயிலையிலிருந்து 1827இல் பிரித்தெடுக்கப்பட்ட ‘தீன்’ என்பதும் ஒரே பொருளே என்று 1838இல் நிறுவப்பட்டது. துவர்ப்புச் சத்தான டானின் உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்பதைக் குறைக்கிறது என்பது இருபதாம் நூற்றாண்டில் அறியப்பட்டது. 2016இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் எப்பானத்தைக் குடித்தாலும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு அது காரணமாகக்கூடும் என்று வகைப்படுத்தியபோது, குற்றம் சூட்டின் மீது விழுந்ததே அன்றித் தேயிலையின் மீது விழவில்லை.