தாவரம் தந்த திரவப் படிகம்

பொருள்கள் திடம், திரவம், வாயு என மூவகைப்படும் என்றே நாம் கற்றோம். மாணவர்க்கும் அவ்வாறே கற்பித்து வருகிறோம். அவ்வகுப்பினுள் அடங்காத ஒன்றை உலகுக்கு உணர்த்தியவர் ஒரு தாவரவியல் அறிஞர்.

1888ஆம் ஆண்டில் பிராகு நகரில் பிரீட்ரிக் ரைனிட்சர் கொலஸ்டிரால் சேர்மம் ஒன்றைச் சூடேற்றினார். 145.5 பாகை செல்சியசில் அது உருகிக் கலங்கல் நீர்மமாயிற்று, 178.5 பாகையில் கலக்கம் நீங்கித் தெளிந்தது. ஒரு பொருளுக்கு இரண்டு உருகுநிலைகளா? கண்டதை மறைக்கவும் இல்லை, தாமே முடிவு கட்டவும் இல்லை. ஆகன் நகரிலிருந்த ஓட்டோ லேமனுக்குக் கடிதம் எழுதினார். பொருளைச் சூடேற்றியவாறே நோக்கத்தக்க நுண்ணோக்கி லேமனிடம் இருந்தது. ஓடும் அந்நீர்மம் ஒளியிடத்தே படிகம் போல் நடந்துகொள்வதை அவர் கண்டார். 1889இல் 'ஓடும் படிகங்கள்' என்று எழுதினார். அறிவுலகம் உடனே தலையசைக்கவில்லை. தாம்மான், நெர்ன்ஸ்ட் போன்ற பெரியோரே அது வெறும் கலவை என வாதிட்டனர். ஆண்டுகள் பல போராடிய லேமன் 1922இல் மறைந்தார். பிரெஞ்சு அறிஞர் பிரீடல் அந்நிலைகளை முறையாக வகைப்படுத்தியதும் அதே ஆண்டில்தான்!

இனி மற்றொரு வரலாறு. தாவரச் செல்சுவரின் பொருளை 1838இல் பிரித்தறிந்தவர் பிரான்சின் அன்செல்ம் பாயன். செல்லுலோஸ் என்னும் பெயரும் அவர் வழி வந்ததே. 1949இல் சுவீடனில் ரோன்பி அதனைக் கந்தக அமிலத்தால் சிதைத்து, மிக நுண்ணிய கோல்களை நீரில் மிதக்கச் செய்தார். பஞ்சிலும் மரக்கூழிலும் கிடைக்கும் இக்கோல்கள் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்களவு நீளமே உடையவை. 1959இல் மார்ச்செசால்ட்டும் அவர்தம் துணைவரும் அக்கலவை தானே ஒழுங்குற்றுத் திரவப் படிகமாவதைக் கண்டனர். இரு வரலாறுகளும் அங்கே கூடின.

அவ்வொழுங்கு எத்தகையது? 1992இல் கனடாவின் மாண்ட்ரியால் ஆய்வாளர் அதற்கு விடை தந்தனர்: கோல்கள் அடுக்கடுக்காகச் சற்றே திரும்பி, சுழற்படிக்கட்டுப் போல் அமைகின்றன. ஒரு சுற்றின் உயரம் ஒளியலையின் நீளத்தோடு ஒத்துவரும்போது, சாயம் சிறிதுமின்றியே நிறம் தோன்றுகிறது. செல்லுலோசைச் சற்றே மாற்றிப் பெற்ற நீர்க்கரைசலிலும் இதே வண்ணஜாலம் 1976இலேயே காணப்பட்டிருந்தது. அத்தகைய ஒழுங்கை வலைப்பின்னலாகப் பிணைத்தால் நெகிழும் ஜெல் பிறக்கிறது. அதனை அழுத்தினால் படிக்கட்டின் உயரம் குறைகிறது. சிவப்பு, பச்சையாகி நீலத்தை நோக்கி நகர்கிறது.

இயற்கை இதனை எப்போதோ செய்து வைத்திருந்தது. ஆப்பிரிக்கக் காடுகளில் விளையும் போலியா என்னும் செடியின் கனி ஒளிரும் நீலம். அதில் நீலச் சாயமே இல்லை, சுழன்றடுக்கிய செல்லுலோஸ் இழைகளே உள்ளன என்று 2012இல் ஆய்வாளர் அறிவித்தனர். 1974இல் பறித்துப் பாதுகாத்த கனிகள் அப்போதும் மங்காது மின்னிக்கொண்டிருந்தன.