பணிப்பட்டியலை வளைத்தவர்கள்

1988இல் லோட்டஸ் நிறுவனம் ‘அஜெண்டா’ என்ற மென்பொருளை வெளியிட்டது. மிட்ச் கபோர், எட் பெலோவ், ஜெர்ரி கப்லன் ஆகியோரின் சிந்தனையில் பிறந்தது அது. அதுவரை கணினியில் தகவலை வகைப்படுத்திச் சேமிக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் பெயர், தேதி, தொகை என்று கட்டங்களை முதலில் வகுத்துவிட்டுப் பிறகுதான் விஷயத்தை உள்ளே போட வேண்டும். அஜெண்டா இந்த வரிசையைத் தலைகீழாக்கியது. செவ்வாய்க்கிழமை இன்னாரிடம் பேச வேண்டும் என்று ஒரு வரி தட்டினால் போதும். கிழமையையும் பெயரையும் தானே பிடித்துக்கொண்டு உரிய வகைகளின்கீழ் அதைக் காட்டும். ஒரே வரி பல வகைகளில் இருக்கலாம். வகைகளைப் பின்னால் கூட்டலாம், மாற்றலாம். வேலையை ஒழுங்குபடுத்தும் முறை ஆளுக்கு ஆள் வேறுபடும், ஒரே ஆளுக்கும் நாளடைவில் மாறும் என்பதை அந்த வடிவமைப்பு ஏற்றுக்கொண்டிருந்தது. பின்னால் வந்த வரலாறும் அதையே மெய்ப்பித்தது என்பது என் வாதம்: கருவியைத் தங்கள் முறைக்கு ஏற்ப வளைத்த பயனர்களே இந்தத் துறையை முன்னே நகர்த்தினார்கள்.

இதற்குத் தெளிவான சான்று டேவிட் ஆலனின் முறை. 2001இல் வந்த ‘கெட்டிங் திங்ஸ் டன்’ நூலில் அவர் சொன்னவை தாளிலேயே செய்யக்கூடியவை: மனதில் கிடப்பதையெல்லாம் ஓரிடத்தில் எழுதிக் குவிப்பது, ஒவ்வொன்றுக்கும் அடுத்த செயல் எது என்று தீர்மானிப்பது, அதைத் தொலைபேசியில் செய்ய வேண்டுமா, வீட்டிலா, கடைத்தெருவிலா என்று சூழல்வாரியாகப் பிரிப்பது, வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் திரும்பப் பார்ப்பது. ஈத்தன் ஷூனோவர் என்ற பயனர், குறிப்புகளை அடுக்கி எழுத உதவும் ஆம்னி அவுட்லைனர் மென்பொருளின்மேல் சிறு நிரல்களை எழுதி, இந்த முறையை அதற்குள் கொண்டுவந்தார். ‘கிங்க்லெஸ்’ என்று அறியப்பட்ட அந்த ஏற்பாட்டுக்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்த ஆம்னி குழுமம், அதன் வழியில் ஆம்னிஃபோகஸை உருவாக்கி 2008இல் வெளியிட்டது. ஆனால் முறை நிரலுக்குள் உறைந்ததும் அதன் இறுக்கம் தெரிந்தது. ஒரு பணிக்கு ஒரே சூழல்தான் கொடுக்க முடிந்தது. தொலைபேசியில் பேச வேண்டிய, இன்ன மனிதரிடம் பேச வேண்டிய, பத்தே நிமிடத்தில் முடியக்கூடிய ஒரு வேலையை எந்தச் சூழலில் வைப்பது? 2018இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் சூழலின் இடத்தில் எத்தனை வேண்டுமானாலும் ஒட்டக்கூடிய குறிச்சொற்கள் வந்தன. அஜெண்டா முப்பது ஆண்டுகளுக்கு முன்பே திறந்துவைத்த வாசல் அது.

அப்படியானால் அஜெண்டா ஏன் நிலைக்கவில்லை என்று கேட்பது நியாயம். அது ஓடிய டாஸ் இயங்குதளத்தின் காலம் முடிந்து விண்டோஸ் வந்தது ஒரு காரணம். கற்பதற்குக் கடினமாக இருந்தது இன்னொன்று. கபோரே 2002இல் அறிவித்த சாண்ட்லர் திட்டம் இந்த எதிர்வாதத்துக்கு மேலும் வலு சேர்க்கிறது. எல்லாவற்றுக்கும் இடம் தரும் ஒன்றைக் கட்ட முனைந்து, 1.0 பதிப்பை எட்டவே 2008 ஆகிவிட்டது. அதற்குள் இணையச் சேவைகள் இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஆகவே திறந்த வடிவம் மட்டும் போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். முதல் அடி எளிதாக இருக்க வேண்டும்.

ஆம்ஸ்டர்டாமில் பணிபுரியும் வானியலாளர் கார்ஸ்டன் டொமினிக், 2003இல் ஈமேக்ஸ் உரைத்திருத்திக்காகத் தொடங்கிய ஆர்க் மோட் அந்த எளிமையோடு பிறந்தது. உடுக்குறி இட்ட ஒரு தலைப்பு, அதன் முன்னால் செய்ய வேண்டியது என்று உணர்த்தும் ஒரு சொல். தொடங்க இவ்வளவு போதும். வேண்டுபவர் அந்தச் சொற்களைத் தாமே வகுத்துக்கொண்டு, டொயோட்டாவின் கான்பான் அட்டைகளைப் போல ஒரு வேலையைக் கட்டம் கட்டமாக நகர்த்தலாம். ஆலனின் சூழல்களைக் குறிச்சொற்களாக்கலாம். நேரத்தைச் சிறு கூறுகளாகப் பிரித்து வேலை செய்யும் பிரான்செஸ்கோ சிரில்லோவின் பொமோடோரோ முறைக்கான துணைநிரலைப் பயனர்களே எழுதிச் சேர்த்தார்கள். கருவியை அலங்கரிப்பதிலேயே வேலை நேரம் கரைந்துபோகும் என்ற குறையையும் நான் மறுக்கவில்லை. பலருக்கு அது உண்மையாகவே நடக்கிறது. ஆனால் அந்த நேரம் முழுவதும் வீணல்ல. ஒரு பணி எப்போது காத்திருக்கிறது, எப்போது முடிந்தது என்று தன் சொற்களில் வகுக்கும்போதுதான் ஒருவருக்குத் தன் வேலையின் உருவமே பிடிபடுகிறது. அந்த வகுப்பை வேறு யாரோ முன்கூட்டியே செய்து கொடுத்துவிட்டால், பொருந்தாத வேலைகள் பட்டியலுக்கு வெளியே துண்டுச் சீட்டுகளில் போய்ச் சேர்கின்றன.